சேலத்தின் பழைய நகரம்: நடந்து காண்போருக்குச் சொல்ல வேண்டியது

நகரங்களின் வரலாறு ஏட்டில் மட்டும் எழுதப்படுவதில்லை. ஒரு குழுவைத் தெருக்களின் வழியே அழைத்துச் சென்று, இன்ன இடத்தில் நின்று இன்ன செய்தியைச் சொல்வதென முடிவு செய்கிறவரும் வரலாறு எழுதுகிறவரே. அவர் நிற்கும் இடங்கள் அந்நூலின் அத்தியாயங்கள். அவர் பேசாமல் கடந்து செல்லும் இடங்களோ அந்நூலிலிருந்து கிழித்தெடுக்கப்பட்ட பக்கங்கள். சேலத்தின் பழைய நகரப் பகுதியை மாணவர்களும் வெளியூர் விருந்தினரும் இரண்டு மணி நேரத்தில் நடந்து காண ஒரு வழித்தடம் வகுப்பதானால், அதில் எவை இடம்பெற வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முன்னோர் காட்டிய நெறி

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவு எவ்வாறு இருந்தது என்று நோக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதரை அழைக்கிறது. அவ்வழைப்பை ஏற்ற முஸ்லிம் அறிஞர்கள் நகரங்களைப் பற்றி எழுதுவதைத் தனியொரு கலையாகவே வளர்த்தனர். கதீபுல் பக்தாதீ (இறப்பு ஹிஜ்ரி 463 / கி.பி. 1071) பக்தாத் நகரத்துப் பெருமக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தபோது, முதலில் அந்நகரின் அமைப்பையே விவரித்தார். திமிஷ்கின் வரலாற்றை எழுதிய இப்னு அஸாகிரும் (இறப்பு ஹிஜ்ரி 571 / கி.பி. 1176) அவ்வாறே செய்தார். ஹலப் நகரில் மறைந்த அல்ஹரவீ (இறப்பு ஹிஜ்ரி 611 / கி.பி. 1215) தாம் கண்ட ஸியாரத் தலங்களுக்கு ஒரு வழிகாட்டி நூலே இயற்றினார். ஓர் அடக்கத்தலத்தைப் பற்றி மக்கள் சொல்வது ஒன்றாகவும் தமக்குச் சரியெனப் பட்டது வேறாகவும் இருந்தால், அதனை அவர் அங்கேயே குறித்துவிடுவார்.

இவ்வகையில் தலைசிறந்தவர் காஹிராவின் அல்மக்ரீஸீ (இறப்பு ஹிஜ்ரி 845 / கி.பி. 1442). அவருடைய ‘கிதத்’ என்னும் நூலில் பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள், சந்தைகள் ஆகியவற்றோடு கிறித்தவ தேவாலயங்களும் யூத ஆலயங்களும் இடம்பெற்றுள்ளன. ஹிஜ்ரி 721 (கி.பி. 1321) ஆம் ஆண்டில் முஸ்லிம் கூட்டத்தார் தேவாலயங்களை இடித்ததையும், அதன் பின் காஹிராவில் தீ பரவியதையும் அவர் விரிவாகப் பதிவு செய்தார். தம் சமூகத்தாரின் செயல் என்பதற்காக அவர் அதனை மறைத்துவிடவில்லை. சேலத்தில் நடக்கும்போது இம்முன்மாதிரி நமக்குத் தேவைப்படும்.

கோட்டையிலிருந்து பேட்டைக்கு

நாமக்கல்லில் வழிகாட்டியின் பணி எளிது. ஒரே பாறைக் குன்று, அதன் இருபுறமும் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியர் குடைவரைகள், உச்சியில் கோட்டை. அங்கே கண்ணே பாதி வரலாற்றைப் படித்துக்கொள்ளும். சேலத்தில் அவ்வாறில்லை. இங்கே கோட்டை மதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பெயரில் மட்டும் தங்கிவிட்டது. கோட்டை மாரியம்மன், கோட்டை அழகிரிநாதர் என்று கோயில்கள் அப்பெயரைச் சுமந்து நிற்கின்றன. ஆகவே இங்கு நாவுக்கே வேலை அதிகம்.

2023 ஆம் ஆண்டில் ஈரடுக்காகக் கட்டித் திறக்கப்பட்ட பழைய பேருந்து நிலையத்தருகே நடையைத் தொடங்கலாம். அங்கிருந்து கோட்டைப் பகுதியின் இரு கோயில்களையும் கண்டு திருமணிமுத்தாற்றுக்கு வர வேண்டும். சேர்வராயன் மலையில் பிறந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் இவ்வாறு நகருக்குள் கழிவுநீர் சுமந்து ஓடுகிறது. ஆற்றங்கரையில் ஜாமிஆ மஸ்ஜித் அமைந்துள்ளது. அதன் பின் கடைவீதிகளின் வழியே செவ்வாய்ப்பேட்டையை அடைந்து நடையை முடிக்கலாம். கோட்டை அதிகாரத்தின் இடம். பேட்டை வணிகத்தின் இடம். செவ்வாய்ச் சந்தையால் பெயர் பெற்ற பேட்டை இன்றும் லீ பஜாரின் மொத்த வணிகத்தால் வாழ்கிறது. பழைய சேலம் இவ்விரண்டுக்கும் நடுவே வளர்ந்த ஊர் என்பதைக் கால்களே உணர்ந்துகொள்ளும்.

திப்பு சுல்தானும் நம் பொறுப்பும்

ஜாமிஆ மஸ்ஜிதின் முன் நிற்கும் வழிகாட்டி, “இது திப்பு சுல்தான் கட்டியது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதே வழக்கம். கேட்கும் நம் உள்ளமும் மகிழ்கிறது. எனினும் ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராயப் பழகிய சமூகம், தனக்கு இனிக்கும் செய்தியையும் அதே தராசில் வைக்கக் கடமைப்பட்டுள்ளது.

திப்பு அரியணை ஏறியது 1782 ஆம் ஆண்டின் இறுதியில். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் ஆங்கிலக் கும்பினியின் கைக்குச் சென்றன. ஆக, இப்பகுதி அவருடைய ஆட்சியின்கீழ் இருந்தது ஏறத்தாழப் பத்தாண்டுகள். அவற்றிலும் 1784 வரையும், 1790க்குப் பின்னும் ஆங்கிலேயரோடு போர். இடையில் கிடைத்த அமைதி ஆறாண்டுகளே. அக்காலத்தில் ஒரு பள்ளிவாசல் எழுந்திருக்க முடியாதென்று இதனால் ஆகிவிடாது. “திப்புவின் காலத்தது என்பது ஊர் வழக்கு” என்று சொல்வதே நேர்மை. கல்வெட்டும் ஆவணமும் சொல்வது ஒரு தரம். தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருவது மற்றொரு தரம். ஊகம் கடைசித் தரம். இம்மூன்றையும் மூன்று வெவ்வேறு சொற்களால் சொல்லப் பழகியவரே வழிகாட்டியாக நிற்கத் தகுந்தவர். பக்கத்துக் கோயிலின் தலபுராணத்தைச் சொல்லும்போதும் இதே அளவுகோல்தான். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

1882 ஆம் ஆண்டு

மதில் இழந்த கோட்டையைப் பற்றிப் பேசுவது எளிது. செவ்வாய்ப்பேட்டையில் நின்று 1882 ஆம் ஆண்டைப் பற்றிப் பேசுவது அவ்வளவு எளிதன்று. அங்கே ஊர்வலப் பாதையை ஒட்டி எழுந்த ஒரு பள்ளிவாசலைக் குறித்தும், அதன் முன்னே இசையோடு ஊர்வலம் செல்வதைக் குறித்தும் சில ஆண்டுகள் பிணக்கு நீடித்தது. 1882 ஆகஸ்டில் அது பெருங்கலவரமாக வெடித்தது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது, உயிர்கள் போயின.

கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுள் ஒருவர் இளம் வழக்கறிஞரும் நகராட்சி உறுப்பினருமான சி. விஜயராகவாச்சாரியார். அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவர் குற்றமற்றவர் என விடுதலையானார். ஊர்வல இசை பற்றிச் சேலத்திலிருந்து எழுந்த வழக்கில், 1883 ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. பொதுத்தெருவில் ஊர்வலம் செல்லும் உரிமை எல்லாச் சமயத்தார்க்கும் உண்டு. அது பிறருடைய பொதுவான பயன்பாட்டுக்கும் நீதித்துறை நடுவரின் ஒழுங்குக்கும் உட்பட்டது என்பதே அதன் சாரம். பின்னாளில் இந்தியாவெங்கும் இத்தகைய வழக்குகளில் அத்தீர்ப்பு எடுத்தாளப்பட்டது.

இதனைச் சுற்றுலாவில் சொல்ல வேண்டுமா, ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உள்ளனர். அக்கேள்வியை நாம் மதிக்கிறோம். ஆயினும் சொல்லாமல் விடப்பட்ட செய்தி அழிந்துபோவதில்லை. அது திண்ணைப் பேச்சாக, ஆண்டும் பெயரும் நீதிமன்றமும் அற்ற வெறும் சினமாக மாறி, வேண்டாதவர் கையில் போய்ச் சேர்கிறது. ஆவணத்தோடு சொல்லப்பட்டால் அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் கிடைக்கின்றன. இடிப்பைச் சொல்லும் நா, விடுதலையையும் சொல்ல வேண்டும். விடுதலையைச் சொல்லும் நா, இடிப்பை விழுங்கிவிடக் கூடாது.

அம்முடிவு நாம் எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. அதே விஜயராகவாச்சாரியார் 1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் தலைவர். கிலாஃபத் கோரிக்கையையும் தன்னுள் கொண்ட ஒத்துழையாமைத் தீர்மானத்தை உறுதி செய்தது அம்மாநாடே. அத்திட்டத்தில் அவருக்கு முழு உடன்பாடு இருக்கவில்லை. ஆயினும் முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிவாசல் வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர், முஸ்லிம்களும் இந்துக்களும் தோளோடு தோள் நின்ற அவையில் தலைமை ஏற்றிருந்தார். செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் நின்று இதைக் கேட்கும் மாணவன், சேலத்தின் கதை 1882 ஆம் ஆண்டோடு நின்றுவிடவில்லை என்று அறிந்துகொள்வான்.

நடைமுறை சில

இத்தகைய நடைக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம். கடைவீதியில் குரல் எட்டாது. காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயிலும் சரக்கு வண்டிகளும் பெருகுமுன் முடித்துவிடலாம். வெள்ளிக்கிழமையையும், மாரியம்மன் திருவிழா நடக்கும் ஆடி மாதத்து நாட்களையும் தவிர்த்தல் நலம். வழிபாட்டுக்கு வருவோருக்கு நாம் இடையூறாகக் கூடாது. கோயிலுக்குள்ளும் பள்ளிவாசலுக்குள்ளும் செல்வதற்கு முன்கூட்டியே நிர்வாகத்தாரிடம் அனுமதி பெற வேண்டும். நிறுத்தங்கள் ஆறுக்கு மிகாமல், ஒவ்வொன்றிலும் பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டிகள் இருவராக இருக்கட்டும்: ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து. பள்ளிவாசலின் முன் இந்து நண்பரும், கோயிலின் முன் முஸ்லிம் நண்பரும் பேசட்டும். தன்னுடையதல்லாத ஒன்றைப் பற்றிப் பேசும்போது மனிதன் சொற்களை அளந்தே பேசுவான்.

நீதியோடு சாட்சியம் கூறுமாறு, அது தமக்கே எதிராக இருந்தாலும் பிறழாதிருக்குமாறு இறைவன் நம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிட்டுள்ளான். அக்கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரு தெருமுனையில் நின்று இருபது பேருக்கு ஊரின் கதையைச் சொல்பவனும் சாட்சியே.