குடி நீங்கியதும் குடி நீங்காததும்

புதுச்சேரிக்கு வடமேற்கே உள்ள சுத்துக்கேணி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவன் நான். அங்கே பெருங்கற்காலத்துப் புதைகுழிகளைப் பிரெஞ்சு அறிஞர் கசால் அகழ்ந்து ஆராய்ந்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அப்பகுதியில் மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று. அத்துணைப் பழைய ஊரிலிருந்து புறப்பட்ட ஓர் இளைஞனுக்குச் சென்னையில் தலைசாய்க்க ஒரு வீடு எளிதில் கிடைக்கவில்லை.

அவன் என்னிடம் வரலாறு பயின்றவன். வேலை கிடைத்ததும் வீடு பார்க்கத் துணைக்கு வருமாறு என்னை அழைத்தான். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வீட்டுக்காரர் இசைந்துவிட்டார், முன்பணமும் பேசியாயிற்று. அப்போது குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வந்து, சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். மணமாகாதவர்க்கு வாடகைக்கு விடுவதில்லை என்று அதில் எழுதியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பிக்கு எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்று வினவினார். அவன் ஊரைச் சொன்னான், தெருவைச் சொல்லவில்லை. படியிறங்கும்போது என்னைக் கேட்டான்: "ஐயா, வீடு அவருடையது, வாடகை என்னுடையது. இடையில் சங்கத்துக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?"

அன்று நான் விடை கூறவில்லை. இன்று கூற முயல்கிறேன்.

வாடகைக்குத் தமிழில் குடிக்கூலி என்று ஒரு பெயர் உண்டு. குடி என்பது வீட்டையும் குறிக்கும், குடும்பத்தையும் குறிக்கும், நாட்டு மக்களையும் குறிக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில் குடி நீங்கிய தேவதானம், குடி நீங்காத் தேவதானம் என இருவகைக் கொடைகள் பேசப்படுகின்றன. நிலம் கைமாறும்போது அதில் இருந்து பயிர் செய்த குடிகளின் உரிமை போயிற்றா, நின்றதா என்பதே வேறுபாடு. பாகூரில் கிடைத்த செப்பேடு, பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் மூன்று ஊர்களைக் கல்விநிலையம் ஒன்றுக்குக் கொடுத்ததைக் கூறுகிறது. கல்விக்கு ஈந்தது அரிய செயலே. ஆயினும், முன்பு உரிமை பெற்றிருந்தோரை மாற்றியே அக்கொடை வழங்கப்பட்டது. ஓர் அறத்தின் அடியிலும் சிலருடைய வெளியேற்றம் இருக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

வீட்டுக்கு விதி வகுப்பதும் புதிதன்று. முதலாம் இராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்தபோது, அங்கே சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம் என்று அனுமதி தருகின்றன. அதே பட்டியலில், தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது என்ற தடையும் இருக்கிறது. கரூர்ப் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டொன்று கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகிறது: நன்மை தீமைகளுக்குச் சங்கு ஊதலாம், காலில் செருப்பு அணியலாம், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். இதனை எண்ணிப் பாருங்கள்! ஊருக்கெல்லாம் வீடு சமைத்தவன் தன் வீட்டுச் சுவரில் சாந்து பூசுவதற்கு அரசாணை வேண்டியிருந்தது.

உத்தரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் கல்வெட்டுகளை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். 919, 921ஆம் ஆண்டுகளில் அச்சபை குடவோலைக்கு விதிகள் வகுத்தது. வாரிய உறுப்பினராக முன்பு இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது. இது ஒருவர் செய்த செயலைப் பற்றிய விதி, எக்காலத்துக்கும் ஏற்றது. ஆனால், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவரே தேர்தலுக்குரியவர் என்றும் அது கூறிற்று. ஒண்டுக்குடியிருந்தவனுக்கு அங்கே குரல் இல்லை. தமிழ்நாடு 2022இல் இயற்றிய அடுக்குமாடி வீட்டுரிமைச் சட்டத்தின்படியும் சங்கம் வீட்டுரிமையாளர்களின் சங்கமே. விதியைச் செய்பவர் ஒருவர், அதற்கு அடங்கி வாழ்பவர் மற்றொருவர் என்ற நிலை ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் மாறவில்லை.

பிற நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் 1911இல் வீட்டுக்காரர் சிலர் கூடி, கறுப்பினத்தார் தம் தெருவில் குடியிருக்கலாகாது என ஒப்பந்தம் எழுதிக்கொண்டனர். அத்தகைய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தர நீதிமன்றம் கைகொடுக்கலாகாது என்று 1948இல் ஷெல்லி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனவேற்றுமை பாராட்டுவதையே தடுக்கும் சட்டம் 1968இல் வந்தது.

நம் நாட்டிலோ, குஜராத்தில் பார்சிகளின் வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர் பார்சிகளாகவே இருக்கவேண்டும் என்று வைத்திருந்த விதி செல்லும் என 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சிறுபான்மையோர் கூடி வாழ விரும்புவது இயல்பே. எனினும், அதே வாயில் பெரும்பான்மையோர்க்கும் திறந்துவிடுமே என்று அஞ்சுவோர் உளர். மறுபுறம், தீண்டாமையைக் காரணமாகக் கொண்டு எப்பகுதியிலேனும் ஒருவர் வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, குடியிருப்பதையோ தடுத்தல் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். மணமாகாதவர் பற்றிய விதி பலகையில் எழுதப்பட்டதும், தெருவைப் பற்றிய கேள்வி தாழ்ந்த குரலில் கேட்கப்பட்டதும் ஏன் என்பது இப்போது விளங்கும். சட்டம் தடுத்ததை எழுத இயலாது. காதோடு கேட்கத்தான் இயலும்.

இதனால் சங்கமே வேண்டாம் என்பது என் கருத்தன்று. தண்ணீர்த் தொட்டியைத் தூய்மை செய்ய வேண்டும்; மின்தூக்கியைப் பழுதுபார்க்க வேண்டும்; இரவில் பேரொலி எழுப்புவோரைத் தடுக்க வேண்டும். இவற்றுக்கு விதி இன்றியமையாதது. ஆனால், அவை யாவும் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைக் கேட்பவை. அவர் யாருக்குப் பிறந்தார் என்பதைக் கேட்பவை அல்ல.

என் மாணவனுக்கு மூன்று வாரம் கழித்து வேறோர் இடத்தில் மாடியறை ஒன்று கிடைத்தது. அண்மையில் அவன் தொலைபேசியில் சொன்னான்: "ஐயா, பணம் சேர்த்து ஒரு வீடு வாங்கப் போகிறேன். அப்போது நானும் ஒரு சங்கத்தில் உறுப்பினன் ஆவேன்." "ஆனதும் முதல் கூட்டத்தில் என்ன பேசுவாய், தம்பி?" என்றேன். "வாடகைக்கு இருப்பவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள் என்பேன்" என்றான்.

நீங்களும் ஒருநாள் அத்தகைய கூட்டத்தில் அமர்வீர்கள். தீர்மானப் புத்தகம் உங்கள் கைக்கும் வரும். கையெழுத்து இடுமுன், இவ்விதியால் எந்தக் குடி நீங்கும், எந்தக் குடி நீங்காது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.