சொன்னவர், எழுதியவர், வாசித்தவர்

வால்டேர் எழுதிய கடிதங்களையும் அவருக்கு வந்த கடிதங்களையும் ஒரு வரைபடத்தில் கோடுகளாக இழுத்தால் என்ன தெரியும்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சில ஆய்வாளர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அறிவாளிகள் தங்களுக்குள் நடத்திய கடிதப் போக்குவரத்தைக் 'கடிதக் குடியரசு' என்பார்கள். அந்தக் குடியரசுக்கு வரைபடம் போடுவதுதான் திட்டம். ஜான் லாக், வால்டேர், பெஞ்சமின் பிராங்க்ளின் என்று ஆயிரக்கணக்கான கடிதங்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் யார், யாருக்கு, எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி. அவ்வளவுதான். கோடு போட்டுப் பார்த்தால் வால்டேருக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே எதிர்பார்த்ததைவிட மெலிசாக இருந்தது. இங்கிலாந்தைப் புகழ்ந்து ஒரு புத்தகமே எழுதிய மனுஷன் அவர்!

நான் பொறியியல் படித்தவன். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்கள் கக்கும் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சம்பளம் தரும் வேலை. அதனால் இந்த மாதிரி விஷயம் எனக்குச் சட்டென்று பிடித்துப்போகும். பிராங்கோ மொரெட்டி இதைத் 'தொலைவிலிருந்து வாசித்தல்' என்றார். ஒரு நாவலைப் பத்து முறை வாசிப்பதற்குப் பதில் ஆயிரக்கணக்கான நாவல்களை எண்ணிப் பார்ப்பது. இலக்கிய நண்பர்களிடம் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். "கவிதைய கிலோ கணக்குல நிறுத்துப் பார்ப்பீங்களா?" என்று கேட்டார் ஒருவர். நாவலைப் பொறுத்தவரை எனக்கும் பாதி அந்த எண்ணம்தான். கடிதம் வேறு. அதற்கு ஓர் உறை இருக்கிறது, உறைமேல் முத்திரை இருக்கிறது. பிரிக்காமலேயே அது பாதி வரலாற்றைச் சொல்லிவிடும்.

தமிழில் இதற்குத் தோதான பொருள் உண்டு. உ.வே. சாமிநாதையருக்கு 1877 முதல் 1900 வரை வந்த கடிதங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி 'கடிதக் கருவூலம்' என்று பதிப்பித்திருக்கிறார். சீவக சிந்தாமணி அச்சேறிய 1887 அதற்குள்தான் வருகிறது. எந்த ஊரிலிருந்து யார் எழுதினார்கள் என்று அதற்கும் ஒரு வரைபடம் போடலாம். ஏடு தேடிய கதை அப்படியே கண்முன் வந்துவிடும். ஐயர் தனக்கு வந்ததையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். அவருக்கு எழுதியவர்களும் எழுத்து கைவந்தவர்கள்.

பேராக்கின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்தால் இந்த இரண்டுமே இல்லை.

தோட்டத்து ஆட்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கடிதங்கள் ஏராளமாக இருக்கின்றன. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 273 என்ற வரிசை முழுக்க நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து காலனி அலுவலகத்துக்குப் போன கடிதப் போக்குவரத்து. சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலைமையைப் பார்த்துவிட்டு 1937-இல் கொடுத்த அறிக்கை இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது; ஈப்போவில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்தபடியே நூறு வருஷத்துப் பத்திரிகையைப் புரட்டலாம். எல்லாவற்றிலும் நாம் இருக்கிறோம், பேசப்படும் பொருளாக. அனுப்புநராக இல்லை.

சுங்கை சிப்புட் என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையொட்டி வந்த அவசரகாலமும் வந்து கொட்டும். அதே நாள் விடியற்காலையில் பிரட்டுக்குப் போய் நின்றவர்கள் அதைப் பற்றி ஊருக்கு என்ன எழுதினார்கள் என்பதை எந்தத் தேடுபொறியும் தராது. கணினி கொடுப்பதுதான் கிடைக்கக்கூடிய வரலாறு என்று நாம் நினைக்கத் தொடங்கினால், ரப்பர் தோட்டத்தின் கதையைத் துரைமார்களே இரண்டாம் முறையும் எழுதியதாக ஆகிவிடும்.

சரி, பெயரைப் போட்டுத் தேடலாமே? அதில்தான் எனக்கு ஒரு மாதம் போனது. ஒரே பெயரைக் கிராணி ஒரு மாதிரி எழுதியிருப்பார், ஆஸ்பத்திரியில் ஒரு மாதிரி, பத்திரிகையில் இன்னொரு மாதிரி. இதற்காகவே 'சவுண்டெக்ஸ்' என்று ஒரு பழைய உத்தி உண்டு. அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மெய்யெழுத்துகளை ஒலி வகைப்படி மூன்று எண்ணாக மாற்றும். முனியாண்டியை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் ஒரே குறியீடு வருகிறது. சந்தோஷம். ராமசாமியைப் போட்டேன்: ஆர்-525. ரங்கனைப் போட்டேன்: அதுவும் ஆர்-525. இரண்டு பேரும் ஒரே ஆள் என்கிறது. சின்னசாமியை 'எஸ்'ஸில் தொடங்கினால் ஒரு குறியீடு, 'சி'யில் தொடங்கினால் வேறு. இப்போது ஒரே மனிதர் இரண்டாகப் பிளந்துவிட்டார். தமிழில் எழுதினால் இந்தச் சிக்கலே கிடையாது. ச என்ற ஓர் எழுத்து போதும்.

தமிழ் அச்சுப் பக்கங்களைக் கணினிக்குப் படிக்கக் கொடுப்பது இன்னொரு தலைவலி. தமிழ்நாட்டில் 1978-இல்தான் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது. அதற்கு முந்தைய அச்சில் லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். இன்றைய எழுத்துருவில் பழகிய மென்பொருள் அதைப் பார்த்து என்னென்னவோ உளறுகிறது. கையெழுத்தென்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே கியூவையும் சிங்கப்பூரையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, கையில் இருந்ததை எடுத்தேன். பாட்டியிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கடிதங்கள். திருச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு அருகே இருந்த தோட்டத்துக்கு வந்தவை. பெரும்பாலும் நீல ஏரோகிராம். எக்செலில் நான்கு கட்டம் போட்டேன்: அனுப்பியவர், பெறுபவர், ஊர், தேதி. ஸ்டான்ஃபோர்ட்காரர்கள் செய்ததேதான்.

பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எதுக்குடா எண்ணிக்கிட்டு இருக்க? மொதல்ல படிச்சியா?" என்றார். ஒன்றை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இது மாமா எழுதினதில்ல. அவருக்கு எழுத்தே தெரியாது. இது அந்த ஊரு வாத்தியாரு கையி" என்றார். அடுத்தது போஸ்ட்மேன் எழுதியது. அதற்கடுத்தது யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது. ஒரே 'அனுப்பிய'வரின் கடிதங்கள் மூன்று கையில் இருந்தன. இங்கேயும் அதே கதைதான். தோட்டத்தில் கடிதம் வந்தால் கிராணி வீட்டுக்கோ பள்ளிக்கூட வாத்தியாரிடமோ எடுத்துக்கொண்டு போவார்களாம். அவர் சத்தமாக வாசிக்கும்போது நாலு பேர் கூடவே நிற்பார்கள்.

வால்டேருக்காகச் செய்த அட்டவணை இங்கே உடைகிறது. அவருடைய கடிதத்தில் அனுப்பியவரும் எழுதியவரும் ஒருவர்தான் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். தோட்டத்துக் கடிதத்தில் சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், வாசித்துக் காட்டியவர் ஒருவர், கேட்டவர் இன்னொருவர். கணவனிடம் மட்டும் சொல்ல வேண்டியதை ஒரு பெண் வாத்தியாரிடம் சொல்லி எழுத வைக்க முடியுமா? அங்கே கிராணி வாசிப்பார் என்று தெரிந்தும்? 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, மழை, விளைச்சல், யாருக்குக் கல்யாணம் என்று போய் முடிகிற கடிதங்களைப் பார்த்து, அந்தக் காலத்து ஆட்களுக்கு மனசைத் திறந்து எழுதத் தெரியவில்லை என்று நாமாகவே சொல்லிவிடுகிறோம். நடுவில் இரண்டு அந்நியர்கள் நின்றிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

யார் எழுதியது என்பதை நடையை வைத்தே கண்டுபிடிக்கும் கணக்கு முறையும் இருக்கிறது. அமெரிக்காவில் மாஸ்டெல்லரும் வாலஸும் 1964-இல், பெயரில்லாமல் வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எவை யாருடையவை என்பதைச் சின்னச் சின்னச் சொற்களை எண்ணியே காட்டினார்கள். நானும் முயன்றேன். ஓர் ஏரோகிராமில் இருக்கும் நூற்றுச் சொச்சம் சொற்கள் அதற்குப் போதவில்லை. அதைவிட ஒரு விஷயம், அந்த முறை கண்டுபிடிக்கக்கூடியது வாத்தியாரைத்தான், மாமாவை அல்ல. பாட்டியின் கண் இதற்குப் போதுமானதாக இருந்தது.

தேதியும் ஊரும் மட்டும் சொன்ன ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1970 வரை டின்னில் இருந்த கடிதங்கள் ஒரே கிராமத்திலிருந்து வந்தவை. அதற்குப் பிறகு புதுப்புது ஊர் முத்திரைகள். பெரம்பலூர், நாமக்கல், சேலம். குடும்பம் திடீரென்று பெருகிவிட்டதா என்று பார்த்தேன். அனுப்பியவர்கள் எல்லாரும் பக்கத்து லயத்து ஆட்கள். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டியிருந்தது. சிவப்பு ஐசி வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள் என்று வரலாற்று நூல்களில் படித்திருக்கிறேன். அந்த எண் அப்போது எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. அட்டவணையை ஊர்வாரியாக அடுக்கியபோது அதே எண் முத்திரை முத்திரையாக வந்து விழுந்தது. ஒரு கடிதத்தில் ஒருவர் தன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்த பலா மரம் காய்த்ததா என்று கேட்டிருந்தார்.

அந்த லயமே இப்போது இல்லை. செம்பனை நிற்கிறது.

இலங்கையில் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் மின்வருடி வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் ஐம்பதாண்டு இலக்கியத்தை 2015-இல் மின்வடிவில் கொண்டுவந்தது. கடிதத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடுகூட வேண்டாம். கைத்தொலைபேசியில் உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்தால் போதும். உள்ளே இருப்பதைக் காட்ட மனமில்லாதவர்கள் காட்ட வேண்டாம். இடம்பெயரும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது இந்த டின்கள்தான்.

என் அட்டவணையில் இப்போது ஏழு கட்டம். சொன்னவர் கட்டம் நிறைந்துவிட்டது. எழுதியவர் பாதி. வாசித்தவர் கட்டத்தில் 'கிராணி' என்று நான்கு இடத்திலும், 'தண்டல் மகள்' என்று ஓர் இடத்திலும் இருக்கிறது. மற்றதெல்லாம் காலி. அந்தத் தண்டல் மகளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. புந்தோங்கில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.