ஒடுக்கத்துப் புதனும் கடற்கரை விருந்தும்

பட்டுக்கும் கோயில்களுக்கும் பேர்பெற்ற காஞ்சிபுரத்துக்குக் கடல் இல்லை. 2019ஆம் ஆண்டு நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, அதுவரை காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு உரியதாய் இருந்த கடற்கரையும் அதனோடு சென்றுவிட்டது. ஆயினும், காஞ்சி மக்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு எல்லைக்கோடுகளால் அறுபடுவதன்று. கோடை விடுமுறை வந்துவிட்டால், ஆண்டெல்லாம் தறிக்குழியில் காலிறக்கி உழைத்த குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் வண்டியேறுவதை இன்றும் காண்கிறோம். இந்தக் கடற்கரை விருந்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் நம் சமுதாயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைப் பற்றிச் சிறிது சிந்திக்க வேண்டியும் இருக்கிறது.

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் நீர்ப்பெயற்று என்னும் துறையை வருணிக்கிறார். குதிரைகளையும் பிற வளங்களையும் கொணர்ந்த நாவாய்கள் அங்கே சூழ்ந்து நிற்கின்றன. இரவில் கலங்களுக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தில் விளக்கு எரிகிறது. அத்துறையில் தோழியரோடு மணல்விளையாடி நீராடிய பெண்கள் விட்டுச் சென்ற பொற்குழையை, இரையென்று எண்ணிச் சிரல் பறவை கொத்த வருகிறது. வாணிகத் துறையிலும் பெண்கள் கூடி விளையாட இடம் இருந்தது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை இன்னும் விரிவாகப் பேசுகிறது. சித்திரைத் திங்களில் இந்திர விழா முடிந்தபின் புகார் நகரத்தார் கடலாடச் செல்கின்றனர். கோவலன் அத்திரியிலும் மாதவி வண்டியிலும் புறப்படுகின்றனர். புன்னை நிழலில், புதுமணற் பரப்பில், ஓவியத் திரை சூழ அவர்களுக்கு இருக்கை அமைகிறது. இன்று குடை நட்டுப் பாய் விரிப்போர் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

அரபு வரலாற்று நூல்களைப் புரட்டினால், வேறொரு கடற்கரை விருந்து கண்ணில் படுகிறது. ஹிஜ்ரி 8இல் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ‘சைஃபுல் பஹ்ர்’ பயணம் அது. அத்தொடருக்குக் கடற்கரை என்றே பொருள். அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு தோழர்களுக்கு வழியில் உணவு குறைந்தது. தலைவர் அனைவருடைய கட்டுணவையும் ஒன்றாகக் கூட்டச் செய்து பங்கிட்டார். இறுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்னும் நிலை வந்தது. அப்போது கடல் ‘அன்பர்’ என்னும் மாபெரும் மீனைக் கரையில் ஒதுக்கிற்று. பல நாள் அதை உண்டனர். அதன் விலா எலும்பை நட்டு நிறுத்தியபோது, அதனடியில் ஒட்டகத்தின் மேல் அமர்ந்து செல்ல முடிந்ததாம். மதீனா திரும்பியதும் பெருமானார் (ஸல்) அவர்கள் அது அல்லாஹ் வெளிப்படுத்திய உணவு என்று கூறி, மிச்சம் உண்டா என்று கேட்டுத் தாமும் உண்டார்கள். புகாரின் விருந்து செல்வர்கள் நுகர்ந்தது. இதுவோ இல்லாதோர் தம்மிடம் இருந்ததை ஒன்றாக்கியபின் கிடைத்தது.

இனி நம் நாட்டு வழக்கத்துக்கு வருவோம். ஸஃபர் மாதத்தின் கடைசிப் புதனை நம்மவர் ‘ஒடுக்கத்துப் புதன்’ என்பர். அம்மாதத்தில் முஸீபத்துகள் இறங்குகின்றன என்று அஞ்சி, ஸலாமில் தொடங்கும் திருமறை வசனங்களை மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிப்பதும், தலைமுழுகுவதும், உணவோடு ஆற்றங்கரைக்கோ தோப்புக்கோ கடற்கரைக்கோ செல்வதும் வழக்கமாயின. ஜஃபர் ஷரீப் எழுத, ஹெர்க்லாட்ஸ் மொழிபெயர்த்து 1832இல் இலண்டனில் வெளிவந்த ‘கானூனே இஸ்லாம்’ இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளது. மலாய் நாட்டிலும் ‘மண்டி சஃபர்’ என்னும் பெயரில் மக்கள் கடற்கரைகளில் திரண்டனர். மலாக்காவின் தஞ்சோங் கிளிங் அதற்குப் புகழ்பெற்ற இடம். அங்கும் பின்னாளில் மார்க்க அறிஞர்களின் எதிர்ப்பால் அது மங்கியது.

எதிர்ப்பு நியாயமானதே. ஸஃபரில் பீடை உண்டு என்னும் அறியாமைக் காலத்து எண்ணத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துரைத்ததைப் புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்திருக்க, அம்மாதத்துக்கு அஞ்சிக் கடலில் மூழ்குவதற்கு மார்க்கத்தில் இடமேது? ஆனால், அச்சத்தை நீக்கப் புகுந்த நாம் அதனோடு வேறொன்றையும் நீக்கிவிட்டோம். ஆண்டு முழுவதும் அடுப்படியில் இருந்த பெண்களுக்கு வானமும் காற்றும் பார்க்கக் கிடைத்த நாள் அது. பேதி எடுக்கும் என்று பயந்து மருந்தைக் கொட்டியதோடு, மருந்திருந்த வெள்ளிக் கிண்ணத்தையும் எறிந்துவிட்டோம். மூடநம்பிக்கை போகட்டும், ஒன்றுகூடல் ஏன் போக வேண்டும்?

கடலையும் அதன் உணவையும் அருட்கொடையாகத் திருமறை எடுத்துரைக்கிறது. கடல்நீர் தூய்மையானது என்பது நபிமொழி. ஆகவே, புதனென்றும் ஸஃபரென்றும் நாள் குறிக்காமல், வெயிற்கால விடுமுறையில் ஒரு நாளைத் தேர்ந்து குடும்பங்கள் கூடிச் செல்வதில் தடையென்ன?

அதற்குக் கோவளம் தக்க இடம். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கிய இடமென்று மக்கள் நம்பும் தர்கா அங்கே உள்ளது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி, 1752இல் கிளைவ் தகர்த்த கோட்டையும் அவ்வூரில்தான் இருந்தது. 2021இல் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்று அக்கடற்கரைக்குக் கிடைத்தது. பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவது ஈமானின் கிளை என்று ஓதிக்கொடுக்கும் நாம், நெகிழிப் பையை மணலில் விட்டு வரலாமா?

விருந்து என்னும் தமிழ்ச்சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். பின்னரே அது புதிதாய் வந்தவரைக் குறித்தது. கடற்கரையில் புதிதாய் வந்தவர் நாமே, ஊருக்குரியவர் மீனவர். அவர்கள் வலை உலர்த்தும் மணலை மிதிக்காமலும், அவர்களிடம் மீன் வாங்கும்போது அடிமாட்டு விலை கேட்காமலும் இருப்பது விருந்தினர்க்கு அழகு. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த காஞ்சிபுரம் இட்டிலி வழிப்பயணத்தைத் தாங்கும். அதைக் கொண்டுவந்த அண்டை வீட்டாரையும் நம் விரிப்புக்கு அழைப்போம். அபூ உபைதா (ரலி) அவர்கள் செய்ததுபோல் எல்லார் மூட்டையையும் ஒன்றாக அவிழ்த்தால், வெறுங்கையோடு வந்தவரும் கூச்சமின்றி உண்பார். அஸருக்கு மணலே தொழுமிடமாகும். அச்சத்தால் கூடிய பழைய கூட்டத்தைவிட, நன்றியால் கூடும் இக்கூட்டம் நம் பிள்ளைகளுக்கு மார்க்கத்தை நன்கு கற்பிக்கும்.