கேரம் பலகையும் மந்திரவாதியின் மேசையும்

வடசென்னைத் தெருமுனை மன்றத்துக் கேரம் பலகை ஒருபுறம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் தந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதைக்குள் ஆடும் பாத்திர ஆட்டத்தின் மேசை மறுபுறம். அருகருகே வைத்தால் முதலில் தெரிவது வேற்றுமைதான். பலகையில் எல்லாம் சமம்: காயின் ஒவ்வொன்றும் 5 முதல் 5.5 கிராம், ஸ்டிரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. மேசையில் எதுவுமே சமமில்லை: ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டுத் திறக்கும் திருடன். சமமான கருவிதான் நியாயம் என்றால் பலகை நியாயமானது, மேசை அநியாயமானது என்று தீர்ப்பெழுதி எழுந்துவிடலாம்.

ஆனால், தேர்ந்த கை ஒன்று பிரேக் எடுப்பதை, அதாவது முதலில் சுண்டுவதைப் பாருங்கள். வெள்ளைக் காயின் 9-ஐயும் விடாமல் போட்டு, இடையில் சிவப்புக் காயினான ரெட்டையும், உடனே தன் காயின் ஒன்றைப் போடும் ஃபாலோவோடு எடுத்துவிட்டால், எதிரே இருப்பவர் ஒருமுறைகூடச் சுண்டாமல் அந்த போர்டை, அதாவது அந்தச் சுற்றை இழக்கிறார். கருவியும் சமம், விதியும் சமம். அவருக்குக் கிடைத்த ஆட்டமோ பூஜ்யம். மேசையிலும் வளர்ந்த மந்திரவாதி ஒரே மந்திரத்தில் எதிரிக் கூட்டத்தைச் சாய்க்கும்போது, வாளை உருவிய கையோடு நண்பர் வேடிக்கை பார்க்கிறார். இருவரின் மனத்தாங்கலும் ஒன்றுதான். மற்றவர் வலியவர் என்பது அவர்களை உறுத்தவில்லை. தன் முறை வரவே இல்லை என்பதுதான் உறுத்துகிறது. இவ்வளவு தொலைவான இரண்டு ஆட்டங்கள் இந்த இடத்தில் உறவாகின்றன.

இரண்டும் தேடிக்கொண்ட மருந்திலும் அந்த உறவு தெரிகிறது. ஒரே போர்டில் நியாயம் முடியாது என்று கேரம் ஒப்புக்கொள்கிறது. அதனால் பிரேக் மாறிமாறி வருகிறது. 25 புள்ளி அல்லது 8 போர்டு, எது முந்துகிறதோ அதில் ஆட்டம் முடியும். எட்டு இரட்டைப்படை எண். ஆட்டம் கடைசிவரை போனால் இருவருக்கும் நான்கு பிரேக். 1974-ஆம் ஆண்டு விதிகளும் இதே வழியில்தான் யோசித்தன. தொடக்கத்தில் மந்திரவாதி நோஞ்சான், பின்னாளில் மலை. இரண்டாம் நிலைக்கு ஏற வாள்வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். இன்றைய குறையை நாளைய நிறை ஈடுகட்டும் என்பது கணக்கு. இங்கே என் வாக்கு கேரத்துக்கே. பலகையின் கடன் அடுத்த போர்டிலேயே தீர்ந்துவிடும். மேசையின் கடன் தீர ஆண்டுகள் ஆகலாம், அதற்குள் நண்பர் குழு கலைந்துவிடவும் கூடும்.

முந்துபவரைக் கேரம் சற்றுப் பிடித்தும் வைக்கிறது: 22 புள்ளியைத் தொட்டவருக்கு ரெட்டின் 3 புள்ளி சேராது. பாத்திர ஆட்டங்கள் பின்தங்கியவரைத் தூக்கிவிடப் பார்க்கின்றன. 2002-இல் வந்த 'பஃபி' ஆட்டத்தில் உடல்வலிமை குறைந்த தோழர்களுக்கு, கதையின் போக்கைத் திருப்பும் புள்ளிகள் நாயகர்களைவிடக் கூடுதல். 1987-இன் 'ஆர்ஸ் மாஜிக்கா' இன்னும் துணிந்தது. மந்திரவாதிகள் மிக வலியவர்கள் என்பதை அது மறைக்கவே இல்லை. யார் மந்திரவாதி, யார் காவலாள் என்பதை ஆட்டக்காரர்களுக்குள் மாற்றிக்கொள்ளச் சொன்னது. பிரேக் மாறுவதற்கு இதைவிட நெருங்கிய உறவு வேறில்லை! மாறாக, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2008-இல் எல்லாப் பாத்திரங்களையும் ஒரே வார்ப்பில் ஊற்றியது. எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்ற குறை எழுந்தது. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த வார்ப்பைக் கைவிட்டது. காயினுக்குப் பொருந்தும் சமம் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை.

ஒரு வேற்றுமை மட்டும் கடைசிவரை தீராது. கேரம் நடுவர் காயினைத் தொட்டு யாருக்கும் சாதகம் செய்ய இயலாது. அபராதக் காயினைக்கூட எதிராளிதான் வட்டத்துக்குள் வைப்பார். மேசையில் ஆட்டம் நடத்துபவரே நடுவர், அவரே எதிரி, கதவும் பூதமும் புதையலும் அவர் கையில். அத்தனை அதிகாரமும் அவருக்கு ஒரு பொறுப்பைத் தருகிறது: பூட்டைத் திறந்தால்தான் வழி என்ற இடத்தைத் திருடனுக்காகவும், மந்திரம் செல்லாத பாலத்தை வாள்வீரனுக்காகவும் அவர் அமைக்க வேண்டும்.

வியாசர்பாடி இளவழகி 2008-இல் கேரம் உலகப் பட்டம் வென்றதும், புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்றதும் வடசென்னையின் பலகைப் பழக்கத்திலிருந்துதான். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ நண்பர்களைக் கூட்டிப் பாத்திர ஆட்டம் நடத்த நினைப்பவர்கள், விதிநூலைத் திறக்குமுன் ஒரு மாலை கேரம் மன்றத்தில் உட்கார்ந்து பாருங்கள். யார் வெல்கிறார் என்பதை விடுங்கள். யார் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.