குப்பைமேனியைச் சுற்றி ஒரு வட்டம்

எங்கள் விஸ்வநத்தத்தில் 'மருந்து' என்றால் முதலில் வெடிமருந்துதான். மருந்து ரூமில் வேலை முடிந்து வருகிறவர்களின் கைகளில் அலுமினியப் பொடி வெள்ளிபோல ஒட்டியிருக்கும். இன்னொரு மருந்துக்கு வேலை வருவது, இந்த மருந்து பற்றிக்கொண்ட பிறகு. தீக்காயத்தில் முதல் சில நாட்களைத் தாண்டியவர்களையும் பலநேரம் கொண்டுபோவது புண்ணில் ஏறும் கிருமி. சூடோமோனாஸ் என்ற பெயரை எம்.எஸ்ஸி. படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். புண்ணில் பச்சையாகச் சீழ் வைப்பதை அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன்.

ப்ராஜெக்ட்டுக்குக் குப்பைமேனியை எடுத்தேன். நிழலில் காயவைத்து இடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்த சாற்றைச் சின்னக் காகித வில்லைகளில் ஏற்றி, கிருமி பூசிய அகர் தட்டில் வைத்தேன். மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம். கிருமி வளரவில்லை! தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். மகனின் கை வெந்துகிடந்த பக்கத்து வீட்டு அத்தை கேட்டார்: "ஏப்பா, அப்போ அதையே அரைச்சுக் கட்டிரவா?"

அன்று மதியம்தான் வெறும் மெத்தனால் ஏற்றிய வில்லையைக் கவனித்தேன். அதைச் சுற்றியும் வட்டம். சரியாக உலராத மெத்தனாலே கிருமியைத் தடுத்திருக்கிறது. ஓடிப்போய், "வேணாம் அத்தை, ஆஸ்பத்திரியிலயே காட்டுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

எது சோதனை என்ற சண்டை இங்கே நூறு வருஷப் பழசு. 1918இல் சென்னை மாகாண அரசு நாட்டு மருந்துகளை ஆராய டாக்டர் கோமனை நியமித்தது. அவர் அறிக்கை நாட்டு வைத்தியத்தின் கோட்பாடுகளை ஏற்கவில்லை. வைத்தியத்தின் உள்முறை தெரியாதவர் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்று வைத்தியர்கள் கொதித்தார்கள். பிறகு உஸ்மான் கமிட்டி அமைந்து, 1923இல் அவர்களுக்குச் சாதகமாகவே அறிக்கை தந்தது.

அகர் தட்டு இந்தச் சண்டையை முடித்துவைக்கும் என்று தோன்றலாம். பெனிசிலின் பரபரப்பில் 1943இல் ஆஸ்போர்ன் என்ற ஆய்வாளர் சுமார் 2300 தாவரங்களைச் சோதித்தார். 1968இல் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இந்தியத் தாவரங்களின் முதல் பட்டியலை வெளியிட்டது. வட்டங்கள் நிறையக் கிடைத்தன. பெனிசிலின் மாதிரி ஒன்று செடியிலிருந்து வரவில்லை.

ஏன் என்பதற்கு ஒரு பதில் 2000இல் அமெரிக்காவில் கிடைத்தது. நாட்டுமருந்துக் கடை மரமஞ்சளிலும் இருக்கிற பெர்பெரின் ஸ்டஃபைலோகாக்கஸுக்குள் நுழைந்தாலும், அது பம்ப் அடித்து வெளியே தள்ளிவிடுகிறது. பெர்பெரின் உள்ள சில பெர்பெரிஸ் செடிகளில் அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளும் இருப்பதை ஸ்டெர்மிட்ஸ், லூயிஸ் குழு கண்டது. அந்தப் பொருளைத் தனியாகத் தட்டில் வைத்தால் வட்டம் வராது. நானாக இருந்தால் 'செயல்பாடு இல்லை' என்று எழுதி அதைத் தூக்கிப்போட்டிருப்பேன்.

வில்லைகளை நன்றாக உலர்த்தி மறுபடி செய்தேன். வெறும் மெத்தனாலுக்கு வட்டம் இல்லை. குப்பைமேனிக்கு இருந்தது, பழையதில் பாதிதான். ஆய்வேட்டில் அந்த அளவைத்தான் எழுதினேன்.