பூச்சிய அமர்வு

பூச்சிய அமர்வு என்பது பாத்திரமேற்பு விளையாட்டுகளில் தொடர் ஆட்டம் ஒன்று தொடங்குவதற்கு முன்னர், ஆட்டக்காரர்களும் ஆட்ட நடத்துநரும் கூடி, எத்தகைய கதையை எவ்விதம் ஆடப்போகிறோம் என்று பேசி உடன்படும் சந்திப்பு ஆகும். ஆங்கிலத்தில் இது செஷன் ஜீரோ எனப்படுகிறது. கதையின் முதல் அமர்வுக்கு முன்னதாக நடப்பதாலும், பெரும்பாலும் இதில் கதை ஏதும் நகர்வதில்லை என்பதாலும் இப்பெயர் அமைந்தது.

பின்னணி

பாத்திரமேற்பு விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன சொல்கிறது, என்ன செய்கிறது என்று கூறுவார். கேம் மாஸ்டர் எனப்படும் ஆட்ட நடத்துநர் சூழலையும் ஏனைய மாந்தரையும் விவரிப்பார். ஐயமான செயல்களின் விளைவைப் பகடைகள் தீர்மானிக்கும். 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்சு, டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கி வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகையில் வணிக முறையில் வெளிவந்த முதல் விளையாட்டாகக் கருதப்படுகிறது. ஒரே கதை பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் தொடர்வதுண்டு.

சதுரங்கத்தில் எதிரெதிரே அமரும் இருவருக்கும் எதற்காக வந்தோம் என்பதில் குழப்பம் இல்லை. அரசனை வீழ்த்துபவர் வென்றவர். பாத்திரமேற்பு விளையாட்டில் வெற்றி தோல்வி அவ்வாறு வரையறுக்கப்படவில்லை. ஒரே விதிநூலைக் கொண்டு புதையல் வேட்டையும் ஆடலாம், அரண்மனைச் சூழ்ச்சியும் ஆடலாம், நகைச்சுவையும் ஆடலாம். எனவே ஒரே மேசையில் ஒருவர் போர்த்திறம் காட்டவும், மற்றொருவர் பாத்திரத்தின் மனநிலையில் தோய்ந்து பேசவும் வந்திருக்கக்கூடும். ஆட்டக்காரர்களிடையே உள்ள இவ்வேறுபாட்டைக் கிளென் பிளாகோ 1980 இலேயே வகைப்படுத்தி எழுதினார். ராபின் லாஸ் 2002 இல் எழுதிய நடத்துநர் கையேடும் ஆட்டக்காரர் வகைகளை விளக்குகிறது. குழுக்கள் பாதியில் கலைவதற்கு விதிகளைப் பற்றிய சச்சரவைக் காட்டிலும் வாய்விட்டுச் சொல்லப்படாத இந்த எதிர்பார்ப்புகளே பெரிதும் காரணமாகின்றன எனலாம்.

பாத்திரத்தின் இறப்பு

பூச்சிய அமர்வில் கேட்கப்படும் கேள்விகளுள் முதன்மையானது, பாத்திரங்கள் இறக்கலாமா என்பது. கைகாக்சு உருவாக்கி, 1975 இல் ஒரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டியில் ஆடப்பட்டு, 1978 இல் நூலாக வெளிவந்த டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்னும் ஆட்டக்கதையில், வாள் உருவும் முன்னரே பாத்திரத்தைக் கொன்றுவிடும் பொறிகள் உள்ளன. அதை அறிந்து வருபவருக்கு அது சுவையான அறைகூவல். தன் பாத்திரத்துக்குப் பெற்றோர், ஊர், பழைய பகை என்று பல பக்கங்கள் எழுதிக்கொண்டு வருபவருக்கோ, ஒரே பகடை வீச்சில் அனைத்தும் முடிந்துபோவது ஏமாற்றமாகும். 1981 இல் வெளியான கால் ஆஃப் கதுலு விளையாட்டில், உண்மையை அறிய அறியப் பாத்திரத்தின் மனம் சிதைகிறது. அங்கு இழப்பே ஆட்டத்தின் சுவை. இவற்றுள் எதுவும் தவறான ஆட்டமுறை அன்று. எது ஆடப்படுகிறது என்பது முன்கூட்டியே தெரியவேண்டும் என்பதே செய்தி.

எல்லைகள்

கொடுமை, பாலியல் வன்முறை, குழந்தைகளுக்கு நேரும் தீங்கு போன்றவை கதையில் இடம்பெறலாமா என்பதும் இவ்வமர்வில் பேசப்படும். இதற்குக் கோடுகள், திரைகள் என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. ரான் எட்வர்ட்சு 2003 இல் வெளியிட்ட நூல் ஒன்றிலிருந்து இவை பரவின. கோடு என்பது கதைக்குள் வரவே கூடாதது. திரை என்பது கதையில் நிகழலாம். ஆனால் விவரிக்கப்படாது, திரைப்படத்தில் காட்சி வேறிடத்துக்கு மாறுவதைப் போல.

தன் துயரத்தை மேசையில் இருக்கும் அனைவருக்கும் விளக்கும்படி எவரையும் கேட்பது முறையன்று. ஆகவே சில குழுக்கள் எழுத்துப் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. மான்டி குக் கேம்ஸ் நிறுவனம் 2019 இல் இலவசமாக வெளியிட்ட கையேட்டில், ஒவ்வொரு பொருளுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறியிடும் பட்டியல் உள்ளது. நடத்துநர் அதைப் படித்து, யாருடைய விருப்பம் என்று வெளியிடாமலே கதையை அமைக்கலாம்.

எது தன்னைத் தாக்கும் என்பது முன்னதாக எல்லோருக்கும் தெரிவதில்லை. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டை இதற்கு உதவுகிறது. மேசை நடுவே வைக்கப்படும் இவ்வட்டையை யார் தொட்டாலும் அக்காட்சி காரணம் கேட்கப்படாமல் மாற்றப்படும். இதன் பயன் ஆட்டத்தின்போதுதான் என்றாலும், அறிமுகம் செய்யவேண்டிய இடம் பூச்சிய அமர்வே.

பாத்திரங்களை ஒன்றாக உருவாக்குதல்

பல குழுக்கள் இவ்வமர்விலேயே பாத்திரங்களையும் உருவாக்குகின்றன. 2013 இல் வெளியான ஃபேட் கோர் விளையாட்டில், கதை உலகையும் அதன் சிக்கல்களையும் அனைவரும் சேர்ந்து அமைப்பது விதிமுறையின் ஒரு பகுதி. தனித்தனியே உருவாக்கி வரும்போது, தோழர்களிடமே திருடும் கள்வனும் அறநெறி பிறழாத வீரனும் ஒரே குழுவில் அமைந்துவிடுவர். பின்னர் சண்டை மூண்டால், "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்பது வழக்கமான சாக்கு. அப்பாத்திரத்தைத் தேர்ந்தவரும் அவரேதான் என்பது அப்போது மறக்கப்படுகிறது.

ஆடும் நாள், நேரம், ஒருவர் வராவிடில் ஆட்டம் நடக்குமா என்பனவும் இங்கேயே முடிவு செய்யப்படும்.

ஏற்பும் மாற்றுக் கருத்துகளும்

இவ்வழக்கம் முதலில் ஆட்டக்காரர்களிடையே வளர்ந்தது. 2020 இல் வெளியான டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்னும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூல் பூச்சிய அமர்வுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கியது.

எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசினால் வியப்பு கெடும் என்போரும் உளர். எனினும் துரோகம் நிகழக்கூடிய கதை என்று அறிவிப்பது வேறு, துரோகி யார் என்று சொல்வது வேறு. தான் படைத்த உலகின் வரலாற்றை நடத்துநர் இரண்டு மணிநேரம் வாசித்துக்காட்டும் கூட்டங்களும் இப்பெயரில் நடக்கின்றன. அவை உடன்பாடு ஆகா. ஒரே மாலையில் முடியும் தனி ஆட்டத்துக்குத் தனி அமர்வு தேவையில்லை, தொடக்கத்தில் பத்து நிமிடப் பேச்சு போதும். நெடுந்தொடர்களில் சில மாதங்களுக்கு ஒருமுறை இப்பேச்சு மீண்டும் நடத்தப்படுவதுண்டு.