அடுப்பும் அரிச்சுவடியும்

வகுப்பில் சமைக்க வைத்துச் சிறு குழந்தைகளின் மொழியை வளர்க்கலாம் என்பது ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பு போலப் பேசப்படுகிறது. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றை நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் நின்று வாசிக்க வேண்டும் என்கிறேன்.

1896இல் ஜான் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் தச்சு, தையலோடு சமையலும் பாடம். 1899இல் வந்த 'பள்ளியும் சமூகமும்' நூலில் அந்த வகுப்பை விவரிக்கிறார். எதுக்கு இவ்வளவு பாடு, சமையல் புத்தகத்தைப் பார்த்துச் செஞ்சா போதாதா என்ற கேள்வி எழுகிறது. அந்தக் குறிப்பு எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் திருப்பிக் கேட்கிறார். பிறகு முட்டை வெள்ளைக்கருவை வெவ்வேறு சூட்டுத் தண்ணீரில் விட்டு, எப்போது இறுகுகிறது என்று பார்க்கிறார்கள்.

சமையல் குறிப்பு ஒரு ஆயத்தப் பிரதி. அதை ஒப்பிப்பவருக்குத் தன்னுடையதாகச் சொல்ல எதுவுமில்லை. கண்ணெதிரே ஒன்று இறுகுவதைப் பார்த்த குழந்தைக்கோ 'முதல்ல', 'அப்புறம்', 'அதனால', 'இல்லன்னா' எல்லாமே தேவைப்படுகின்றன. வாக்கியம் வேலையிலிருந்து பிறக்கிறது.

தமிழில் இது இன்னும் அடர்த்தியானது. புடை, சலி, இடி, அரை, பிசை, வதக்கு, தாளி, கிளறு, வடி - ஒவ்வொரு வினையும் ஒரு கையசைவு. குழந்தை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த சொற்கள். நம் அரிச்சுவடியோ அம்மா, ஆடு, இலை என்று பெயரையும் படத்தையும் காட்டித் தொடங்குகிறது. 1937 வார்தா மாநாட்டிலிருந்து வந்த ஆதாரக் கல்வி கைத்தொழில்வழிக் கற்றலைத் தாய்மொழியோடு இணைத்தது. ஆனால் அங்கே நடுவிடம் ராட்டைக்குத்தான்.

பள்ளிக்கும் சோற்றுக்கும் உள்ள உறவு இங்கே பழையது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு, 1956இல் காமராசர் திட்டம், 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு. இருந்தும் குழந்தை தட்டோடு நிற்கிறது, அடுப்பு பாடமாகவில்லை. நெருப்பு, சுகாதாரம் என்று காரணம் சொல்வாங்க. வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1924-25இல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் போராடினார்கள். 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாதென்று சாதி இந்துப் பெற்றோர் எதிர்ப்புக் காட்டினார்கள். சேர்ந்து மாவு பிசைவதென்றால் கையும் கையும் படும். பயம் அதில்தான்.

தனியார் மழலையர் பள்ளிகளில் 'அடுப்பில்லாச் சமையல்' நடக்கிறது: பழக்கலவை, சாண்ட்விச். நெருப்பும் இல்லை, வம்பும் இல்லை. உப்புக்கண்டம், ரத்தப் பொரியல், குடல் குழம்பு என்று தன் வீட்டு அடுப்பின் சொல்லை ஒரு குழந்தை கூச்சமின்றிக் கரும்பலகையில் எழுத முடிகிறதா? அந்த வகுப்பில்தான் சமையல் மொழிப்பாடமாகும். மற்றதெல்லாம் வெறும் விளையாட்டு.